படிகத்துக்கு முன்னால் வந்த கணக்கு

எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களில் பலருக்கு ஹெர்பர்ட் க்ரோமர் என்பது ஒரு பாடநூல் அட்டையில் இரண்டாவதாக இருக்கும் பெயர். முதல் பெயர் சார்லஸ் கிட்டல். வெப்ப இயற்பியல் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் அது. கிட்டலைத் தெரியாதவர்கள் கிடையாது; திடநிலை இயற்பியல் தாள் எழுதிய எல்லோரும் அவரைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். கூட இருப்பவர் யார் என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்டதில்லை, ஆசிரியரும் சொன்னதில்லை. பிற்பாடு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்த ஆரம்பித்தபோது, செமிகண்டக்டர் (குறைக்கடத்தி) லேசர், அதிவேக டிரான்சிஸ்டர் என்று எந்தப் பக்கம் தோண்டினாலும் அடியில் இந்த மனிதரின் ஏதோ ஒரு பழைய கட்டுரை கிடந்தது.

2024 மார்ச்சில், 95 வயதில் அவர் காலமானார். நான் படித்த அஞ்சலிக் குறிப்புகள் பெரும்பாலும் 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசிலிருந்து பின்னோக்கிப் போயின. அப்படிப் போனால் கதை ரொம்பச் சுலபமாகிவிடுகிறது. மேதை ஒருவர் சொன்னார், முட்டாள்கள் கேட்கவில்லை, கடைசியில் மேதை ஜெயித்தார். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. க்ரோமரின் வாழ்க்கையில் என்னை இழுப்பது வேறொன்று. ஒரு யோசனை சரி என்று தெரிந்த பிறகும், அதைச் செய்து பார்க்கும் பொருள் உலகத்தில் இல்லாதபோது ஒரு ஆராய்ச்சியாளர் என்ன செய்வார்? சண்டை போடலாம், சோர்ந்து உட்காரலாம். இவர் இரண்டையும் செய்யவில்லை.

1928-ல் ஜெர்மனியின் வைமர் நகரத்தில் பிறந்தவர். அப்பா நகராட்சி ஊழியர். போர் முடிந்து, ஊர் சோவியத் பகுதிக்குள் வந்துவிட்டது. 1947-ல் யேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் ஃப்ரீட்ரிக் ஹுண்ட். நம் பதினோராம் வகுப்பு வேதியியலில் வரும் ஹுண்ட் விதிக்குச் சொந்தக்காரர் அவர்தான். பாடம் பிரமாதமாக இருந்தது, ஆனால் வகுப்பில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சிலர் மேற்கே தப்பிப் போயிருப்பார்கள். சிலர் யுரேனியச் சுரங்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டிருப்பார்கள். யார் எங்கே என்று கேட்க முடியாத காலம். 1948 கோடையில் பெர்லினில் சீமன்ஸ் நிறுவனத்தில் மாணவராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நகரத்துக்குள் வரும் தரைவழிகளை எல்லாம் சோவியத் தரப்பு அடைத்துவிட, அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள் நிலக்கரியும் உணவும் கொண்டுவந்து இறக்கின. திரும்பும்போது அவற்றில் பெரும்பாலும் சரக்கு இருக்காது. அப்படிக் காலியாகத் திரும்பிய ஒரு விமானத்தில் ஏறி க்ரோமர் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அங்கே 1952-ல், 24 வயது நிறைவதற்குள் முனைவர் பட்டம். டிரான்சிஸ்டர் பிறந்து நாலரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் நடக்கும் எலக்ட்ரான் ஓட்டத்தைப் பற்றித்தான் ஆய்வேடு. இப்போது பார்த்தால் சரியான நேரத்தில் சரியான ரயிலைப் பிடித்த மாதிரி தெரிகிறது. அன்றைக்கு அந்த ரயில் எந்த ஊருக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

படிப்பு முடிந்ததும் கிடைத்த வேலை என்ன தெரியுமா? ஜெர்மன் தபால் துறையில். நம் ஊரில் ஒரு காலத்தில் தபாலும் தந்தியும் ஒரே துறையாக இருந்ததுபோல, அங்கே தொலைபேசியும் தபால் துறையின் கையில்தான். அதன் மையத் தொலைத்தொடர்பு ஆய்வகத்தில் ஒரு சின்னக் குறைக்கடத்திக் குழு இருந்தது. அந்தக் குழுவுக்கென்று ஒரு கோட்பாட்டாளர் வேண்டும் என்று இவரை எடுத்தார்கள். படிகம் வளர்ப்பவர், கம்பி பொருத்துபவர், அளவு எடுப்பவர் என்று யார் வந்து எந்தச் சந்தேகம் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

க்ரோமரின் மொத்த வாழ்க்கையையும் தீர்மானித்த வேலை இதுதான் என்பது என் கணிப்பு. கோட்பாட்டு இயற்பியல் படித்த இளைஞருக்குப் பெரும்பாலும் சக கோட்பாட்டாளர்கள்தான் துணை. கணக்கைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தே காலம் போய்விடும். இவரைச் சுற்றி இருந்தவர்களோ பொருளைக் கையால் செய்பவர்கள். அவர்கள் கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வி: இந்த டிரான்சிஸ்டர் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

டிரான்சிஸ்டரில் பேஸ் என்ற நடுப்பகுதியை எலக்ட்ரான்கள் கடந்தாக வேண்டும். அவற்றைத் தள்ளிவிட அங்கே மின்புலம் எதுவும் கிடையாது. முட்டி மோதி, அங்குமிங்கும் அலைந்து, தானாகப் பரவி மறுகரை சேர வேண்டும். அதனால்தான் தாமதம். பேஸுக்குள்ளேயே ஒரு மின்புலத்தை அமைத்துவிட்டால் எலக்ட்ரான் வேகமாகப் போகும். அதற்கு, குறைக்கடத்தியில் வேண்டுமென்றே கலக்கும் மாசுப் பொருளின் அளவை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை படிப்படியாக மாற்றினால் போதும். இந்த அளவுக்கு யோசித்தவர்கள் வேறு சிலரும் இருந்திருப்பார்கள். க்ரோமர் அடுத்த கேள்விக்குப் போனார். மாசை மட்டும் ஏன் மாற்ற வேண்டும், குறைக்கடத்தியையே படிப்படியாக மாற்றினால் என்ன?

இந்த இடத்தில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, இரண்டும் ஆற்றலின் அளவைக் காட்டுபவை. மேல்கோட்டில் எலக்ட்ரான்கள், அவை எப்போதும் பள்ளத்தை நோக்கி உருளும். கீழ்க்கோட்டில் துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்; நேர் மின்னூட்டம் கொண்ட துகள் போல நடந்துகொள்ளும் அவை எப்போதும் மேட்டை நோக்கி மிதக்கும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பது எலக்ட்ரானுக்கு இடமில்லாத ஆற்றல் இடைவெளி. சாதாரண மின்புலம் கொடுத்தால் இரண்டு கோடும் சேர்ந்தாற்போல் ஒரே பக்கம் சாயும். எலக்ட்ரான் வலப்பக்கம் உருண்டால், துளை இடப்பக்கம் மிதக்கும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: எதிரெதிர் மின்னூட்டம், எதிரெதிர் திசை. இப்போது கோடுகளை ஒரே பக்கம் சாய்க்காமல், வலப்பக்கம் போகப் போக ஒன்றையொன்று நெருங்கும்படி வரையுங்கள். மேல்கோடு வலப்பக்கம் இறங்குகிறது, எலக்ட்ரான் அந்தப் பக்கம் போகும். கீழ்க்கோடு வலப்பக்கம் ஏறுகிறது, துளையும் அந்தப் பக்கமே போகும். இரண்டும் ஒரே திசை! எவ்வளவு மின்னழுத்தம் கொடுத்தாலும் சாதாரண மின்புலத்தால் செய்ய முடியாத காரியம் இது. பொருளை மாற்றினால் நடக்கும். போலி மின்புலம் என்ற பொருளில் அவர் இதற்கு ஒரு பெயரும் வைத்தார்.

வகுப்பில் இதை நடத்தும்போது நான் சமன்பாட்டை முதலில் எழுதுவதில்லை. இரண்டு கோடு போதும். க்ரோமரும் இதில் கறார். ஆற்றல் பட்டை வரைபடம், அதாவது இந்தக் கோட்டுப் படம், வரையத் தெரியாவிட்டால் நீ என்ன பேசுகிறாய் என்று உனக்கே தெரியவில்லை. தெரிந்தும் வரையாவிட்டால் கேட்பவனுக்குத் தெரியாது. நோபல் உரையில் ஏறக்குறைய இப்படித்தான் சொன்னார். தேர்வுத் தாள் திருத்தும்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும் வாசகம்.

1954-ல் அமெரிக்காவுக்கு, பிரின்ஸ்டனில் இருந்த ஆர்.சி.ஏ. ஆய்வகத்துக்குப் போனார். 1957-ல் இந்த யோசனையை முழுமையாக வெளியிட்டார். கூடவே இன்னொன்றையும் காட்டினார். டிரான்சிஸ்டரில், எலக்ட்ரான்களை அனுப்பும் பகுதியான எமிட்டரிலிருந்து பேஸுக்கு எலக்ட்ரான் போகும்போது, பேஸிலிருந்து எமிட்டருக்குத் துளைகள் திரும்பிக் கசியும். அந்தக் கசிவைக் குறைக்க பேஸில் மாசை அடக்கி வாசிக்க வேண்டும். அடக்கி வாசித்தால் பேஸின் மின்தடை ஏறும், வேகம் குறையும். எமிட்டருக்கு மட்டும் அகன்ற ஆற்றல் இடைவெளி உள்ள பொருளைப் போட்டால் துளைகளால் அந்தப் பக்கம் ஏறவே முடியாது. துளைகளின் பாதையில் தடை 0.2 எலக்ட்ரான் வோல்ட் கூடினாலே போதும், அறை வெப்பநிலையில் கசிவு சுமார் 2,000 மடங்கு குறையும் என்கிறது கணக்கு. அதற்குப் பிறகு பேஸில் மாசை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். அகன்ற இடைவெளி எமிட்டர் என்பது டிரான்சிஸ்டரின் முன்னோடிகளில் ஒருவரான ஷாக்லியின் பழைய காப்புரிமை ஒன்றிலேயே ஒரு வரியாக இருந்தது. க்ரோமர் அதை மறைக்கவில்லை. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று எடுத்துக் காட்டியதுதான் அவர் செய்தது.

கணக்கு தயார், கருவி இல்லை. இரண்டு வெவ்வேறு குறைக்கடத்திகளை ஒரே படிகமாக, நடுவில் பிசிறில்லாமல் வளர்க்க அப்போது நல்ல வழி எதுவும் கிடையாது. தாளில் கோடு வரைவது ஒரு நிமிட வேலை. அந்தக் கோட்டைப் பொருளில் வரைய இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆகும்.

ஹாம்பர்க்கில் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் கொஞ்ச காலம் இருந்தார். 1959-ல் திரும்ப அமெரிக்கா, கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் வேரியன் நிறுவனம். வெவ்வேறு குறைக்கடத்திகளை ஒட்டும் இந்த ஹெட்டரோ விவகாரத்தை ஓரம் வைத்துவிட்டு வேறு வேலைகளில் இருந்தார். 1962 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் பல ஆய்வகங்கள் அடுத்தடுத்து குறைக்கடத்தி லேசரை இயக்கிக் காட்டின. பெரிய செய்திதான். ஆனால் அது திரவ நைட்ரஜன் குளிரில், விட்டு விட்டு, கண நேரத் துடிப்பாகத்தான் எரிந்தது. அறை வெப்பநிலையில் தொடர்ந்து எரிய வைக்க முடியுமா? 1963 மார்ச்சில் வேரியனில் ஒரு சகப் பணியாளர் இதைப் பற்றிப் பேசினார். அடிப்படையிலேயே அது முடியாத காரியம் என்பது நிபுணர்களின் முடிவு என்றார். கேட்டுக்கொண்டிருந்த க்ரோமர் உட்கார்ந்த இடத்திலிருந்தே மறுத்தார்.

நிபுணர்கள் சொன்ன காரணம் நியாயமானதுதான். லேசர் எரிய எலக்ட்ரான்களும் துளைகளும் ஒரே இடத்தில் ஏராளமாகக் கூடி நிற்க வேண்டும். ஒரே பொருளால் ஆன சந்திப்பில் அவை கூடி நிற்பதில்லை. உள்ளே போன வேகத்தில் மறுபக்கம் பரவிப் போய்விடுகின்றன. வரப்பில்லாத வயலில் தண்ணீர் விட்டமாதிரி. எவ்வளவு இறைத்தாலும் நிற்காது. அறை வெப்பநிலையில் எரிய வைக்கச் சதுர சென்டிமீட்டருக்குப் பல பத்தாயிரம் ஆம்பியர் பாய்ச்ச வேண்டும், அதற்குள் படிகம் வெந்துவிடும். க்ரோமர் கையில் 1957-லிருந்தே விடை இருந்தது. நடுவில் குறுகிய இடைவெளி உள்ள பொருள், இரண்டு பக்கமும் அகன்ற இடைவெளி உள்ள பொருள். எலக்ட்ரானுக்கு ஒரு பக்கம் அடைப்பு, துளைக்கு மறுபக்கம் அடைப்பு, இரண்டும் நடுவில் சிக்கிக்கொள்ளும். இரட்டை ஹெட்டரோஸ்ட்ரக்சர் என்று இன்று சொல்வது இதைத்தான்.

எழுதி ஒரு முக்கியமான இயற்பியல் இதழுக்கு அனுப்பினார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாதாட வேண்டாம் என்று சுற்றி இருந்தவர்கள் சொல்ல, மின்பொறியாளர்கள் படிக்கும் இதழ் ஒன்றுக்குக் கொடுத்தார். 1963 கடைசியில் அங்கே வந்தது. லேசர் இயற்பியலாளர்களில் அதிகம் பேர் அதைக் கவனிக்கவில்லை. அப்புறம் வேரியனிடம், இதைச் செய்து பார்க்க வசதி தாருங்கள் என்று கேட்டார். இந்தச் சாதனத்துக்கு நடைமுறைப் பயன் எதுவும் இருக்க முடியாது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

எல்லோரும் சிரிக்கும் இடம் இது. எனக்கு அந்த மேலாளர் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. 1963-ல் அவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒளியிழை வழியாகப் பேச்சை அனுப்பலாம் என்ற வாதமே 1966-ல்தான் வரப்போகிறது. சி.டி. பிளேயர் 1982-ல். கடையில் விலைப்பட்டை ஸ்கேனர் இல்லை, லேசர் பிரிண்டர் இல்லை. அன்றைக்கு இருந்த எந்தக் கருவியை எடுத்து, இதில் இந்த லேசரைப் பொருத்தினால் மேம்படுமா என்று கேட்டாலும், இல்லை என்பதே நேர்மையான பதில். இருக்கும் பயன்களை வைத்துக் கேட்டதுதான் பிசகு என்று க்ரோமரும் பின்னால் சொன்னார். புதிய தொழில்நுட்பத்தின் முக்கியமான பயன்களை அந்தத் தொழில்நுட்பமே உண்டாக்கும். முன்கூட்டியே பட்டியல் போட முடியாது என்பது அவருடைய வாதம். ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் எழுதிப் பழகியவர்களுக்கு இது உறைக்கும். எதிர்பார்க்கும் பயன்கள் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் விவசாயம், மருத்துவம், பாதுகாப்பு என்று மூன்றையும் எழுதாவிட்டால் விண்ணப்பம் நகராது. நானும் எழுதியிருக்கிறேன். எழுதுபவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறுக்கப்பட்ட யோசனை எல்லாம் நோபல் யோசனை ஆகிவிடாது. மறுக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை மறுக்கப்பட வேண்டியவைதான். க்ரோமரை வேறுபடுத்தியது அவர் வரைந்த இரண்டு கோடு. அது தப்பென்று யாராலும் காட்ட முடியவில்லை. உபயோகமில்லை என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அதே 1963-ல் லெனின்கிராடில், யோஃபே ஆய்வகத்தில், ஜோரஸ் அல்ஃபியரோவும் ருடால்ஃப் கஸரினோவும் இதே யோசனைக்குத் தனியாக வந்து சேர்ந்து, தங்கள் நாட்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். அல்ஃபியரோவ் விடாமல் செய்து பார்த்தார். முதலில் எடுத்த பொருள்கள் ஒத்துவரவில்லை. இரண்டு படிகங்களின் அணு இடைவெளி பொருந்தாவிட்டால் சந்திப்பில் குறைகள் மண்டிவிடும், எலக்ட்ரான்கள் அங்கேயே செத்துவிடும். இயற்கை ஒரு சலுகை வைத்திருந்தது. கேலியம் ஆர்சனைடில் கேலியத்துக்குப் பதில் அலுமினியத்தைச் சேர்த்தால் ஆற்றல் இடைவெளி அகலும், அணு இடைவெளி மட்டும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். அந்த ஜோடியை வைத்து 1970-ல் அவர் குழு அறை வெப்பநிலையில் தொடர்ந்து எரியும் லேசரைக் காட்டியது. அடுத்த சில வாரங்களில் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் ஹயாஷியும் பானிஷும் காட்டினார்கள். தேவைப்படும் மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் ஆம்பியர் என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. க்ரோமருக்கு அமெரிக்கக் காப்புரிமை 1967-ல் கிடைத்தது. அன்றைய சட்டப்படி அதற்கு ஆயுள் 17 ஆண்டு. சி.டி. பிளேயர் கடைகளில் நிரம்பத் தொடங்கிய நேரத்தில் அது காலாவதியாகிவிட்டது.

இந்த ஆண்டுகளில் க்ரோமர் என்ன செய்தார்? வேரியனில் வசதி கிடைக்காததும் வேறு புதிரை எடுத்துக்கொண்டார். 1963-ல் ஐ.பி.எம்.மில் கன் என்பவர், கேலியம் ஆர்சனைடுத் துண்டில் போதுமான மின்னழுத்தம் கொடுத்தால் மின்னோட்டம் தானாக அதிவேகமாக அலைவதைப் பார்த்திருந்தார். ஏன் என்று தெரியவில்லை. எலக்ட்ரான்கள் வேகம் கூடும்போது, கனமாகி மெதுவாகப் போகும் இன்னொரு ஆற்றல் நிலைக்குத் தாவும் என்று சிலர் முன்பே ஊகித்திருந்த விளைவுதான் இது என்று 1964-ல் க்ரோமர் விளக்கினார். இது மட்டுமே வேறு ஒருவருக்கு வாழ்நாள் சாதனையாக இருந்திருக்கும். இவருக்கு இடைவேளை வேலை.

ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் கொஞ்ச நாள், 1968-லிருந்து கொலராடோ பல்கலைக்கழகம். 1976-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம். அங்கே அவர் எடுத்த முடிவை, அவருடைய கட்டுரைகளுக்குச் சமமாகவே நான் வைப்பேன். அந்தத் துறையில் பணம் கொஞ்சம், ஆட்கள் கொஞ்சம். குறைக்கடத்தி ஆராய்ச்சியை விரிவாக்க வேண்டும். எல்லோரும் செய்வது சிலிக்கான். நாமும் சிலிக்கானில் இறங்கினால் பெரிய இடங்களுக்குப் பின்னால் நிரந்தரமாக ஓடிக்கொண்டிருப்போம். இருப்பதை எல்லாம் கேலியம் ஆர்சனைடு போன்ற கூட்டுக் குறைக்கடத்திகளில் போடுவோம், அதில் முன்னணிக்கு வர முடியும் என்று வாதிட்டார். துறை ஒப்புக்கொண்டது. பெரிய பல்கலைக்கழகம் செய்வதையே சின்ன அளவில் செய்து பார்ப்பது நம் ஊர்ச் சின்னக் கல்லூரிகளிலும் வழக்கம். அதே உபகரணத்தின் மலிவு வடிவம், அதே தலைப்பின் நாலாவது நகல். க்ரோமர் செய்தது நேர் எதிர்.

அவரே சோதனைக்கூடத்திலும் இறங்கினார். மூலக்கூறு கற்றை எபிடாக்ஸி என்ற முறை 1960-களின் கடைசியில் பெல் ஆய்வகத்தில் உருவாகியிருந்தது. மிக உயர்ந்த வெற்றிடத்தில், சூடான படிகத்தின் மேல் அணுக்களைத் தூவி, ஓர் அடுக்கு, இன்னோர் அடுக்கு என்று வளர்ப்பார்கள். அலுமினியத்தின் அளவை வளரும்போதே கூட்டலாம், குறைக்கலாம். 1957-ல் தாளில் வரைந்த கோட்டை இப்போது பொருளில் வரையலாம். 1982-ல் அந்தப் பழைய டிரான்சிஸ்டரைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். கால் நூற்றாண்டுக்கு முன் சொன்னதற்கு இப்போது தொழில்நுட்பம் வந்துவிட்டது, செய்யுங்கள் என்பது அதன் சாரம். செய்தார்கள். செல்போனிலிருந்து கோபுரத்துக்கு சிக்னலை உரக்க அனுப்பும் சில்லில் அந்த வகை டிரான்சிஸ்டர் பரவலாக இடம்பிடித்தது. 1990-களில் ஜப்பானில் நகமுரா செய்த பிரகாசமான நீல எல்.இ.டி.யின் நடுவிலும் ஓர் இரட்டை ஹெட்டரோஸ்ட்ரக்சர் இருந்தது. அந்த நகமுராவும் 2000-ல் பேராசிரியராக வந்து சேர்ந்த இடம் சான்டா பார்பராதான்.

அதே ஆண்டு நோபல். பாதி, ஒருங்கிணைந்த சுற்றுக்காக ஜாக் கில்பிக்கு. மீதிப் பாதியை அல்ஃபியரோவும் க்ரோமரும் பகிர்ந்துகொண்டார்கள். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

க்ரோமர் அப்போது வேறொரு குறைக்கடத்திக் குடும்பத்தில் மூழ்கியிருந்தார். இண்டியம் ஆர்சனைடு, கேலியம் ஆன்டிமனைடு, அலுமினியம் ஆன்டிமனைடு. மூன்றுக்கும் அணு இடைவெளி ஏறக்குறைய 6.1 ஆங்ஸ்ட்ராம், அதனால் ஒன்றின் மேல் ஒன்று வளரும். ஆற்றல் கோடுகளை வரைந்தால்தான் விசித்திரம் தெரியும். இண்டியம் ஆர்சனைடின் மேல்கோடு, பக்கத்தில் இருக்கும் கேலியம் ஆன்டிமனைடின் கீழ்க்கோட்டை விடவும் தாழ்ந்து கிடக்கிறது. பாடநூலில் எலக்ட்ரானுக்கும் துளைக்கும் நடுவில் நாம் போடும் இடைவெளி அந்தச் சந்திப்பில் தலைகீழ். இதில், மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் நியோபியம் மீகடத்தியை ஒட்டினால் என்ன ஆகும் என்றும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதையொட்டி, 2004-ல், இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு மதிப்பாய்வுக் கட்டுரை வெளியிட்டார். இந்தப் பொருள்களை மெல்லிய அடுக்குகளாக மாற்றி மாற்றி வளர்த்து அகச்சிவப்புக் கேமராக்களுக்கு உணரிகள் செய்கிறார்கள். அதைச் செய்பவர்கள் வேறு ஆட்கள், வழக்கம்போல.